பல் போன இடத்தில் எலும்பு நிற்குமா?

வாசகர் கேள்வி – பல் மருத்துவர் பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருந்தன. பல்லை எடுத்த பின் தாடை எலும்பு கரைந்துவிடும் என்கிறார்களே, அதைக் காப்பாற்ற முடியுமா என்பதே அந்தக் கவலை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: எனக்கு 34 வயதாகிறது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று அடிபட்டு, ரூட் கெனால் செய்து கேப் போட்டார்கள். அதன் பிறகும் அந்த இடத்தில் ஈறு அடிக்கடி வீங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், வேர் நெடுக விரிசல் விட்டிருப்பதால் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்றும், எடுத்தவுடன் குழியில் எலும்புத் தூள் வைத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்தலாம் என்றும் கூறுகிறார். தூளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். பல் எடுத்த புண் எல்லோருக்கும் தானாகத்தானே ஆறுகிறது? இது உண்மையிலேயே தேவையா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நெடுக விரிசல் விட்ட ஒற்றை வேரைக் காப்பாற்ற நடைமுறையில் நம்பகமான வழி இல்லை. எனவே பல்லை எடுக்கச் சொன்னது சரியான முடிவே. புண் தானாக ஆறும் என்று நீங்கள் எழுதியிருப்பதும் உண்மை. ஆனால் புண் ஆறுவது வேறு, தாடையின் வடிவம் நிலைப்பது வேறு. பல்லை எடுத்ததும் குழியில் இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் ஈறு அதன்மேல் மூடிவிடுகிறது. மூன்று நான்கு மாதங்களில் குழிக்குள் பெருமளவு புது எலும்பு நிரம்பிவிடுகிறது. அதே மாதங்களில் குழியின் வெளிச்சுவர் கரைந்து உள்வாங்கிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே குழி தூர்ந்துவிட்டாலும், தூர்ந்த இடம் முன்பிருந்த அகலத்திலும் உயரத்திலும் இருப்பதில்லை.

இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. வேரை ஒட்டியிருக்கும் எலும்பின் உள்ளடுக்கு, வேரையும் தாடையையும் பிணைக்கும் நுண்ணிய நார்களைப் பற்றிக்கொள்வதற்காகவே உருவான ஒன்று. பல் போகும்போது அந்த நார்களும், அவற்றோடு வந்துகொண்டிருந்த இரத்த ஓட்டமும் போய்விடுகின்றன. வேலை இல்லாமற்போன அந்த அடுக்கை உடலே கரைத்துவிடுகிறது. கடைவாய்ப் பகுதியில் சுவர் தடிமனாக இருப்பதால் அந்த அடுக்கு கரைந்தாலும் அதற்கு வெளியே கொஞ்சம் எலும்பு எஞ்சும். மேல் முன்பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உதட்டுப் பக்கமாக உள்ள சுவர் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருப்பதில்லை. ஏறக்குறைய முழுச் சுவருமே கரையக்கூடிய அந்த அடுக்கால் ஆனது. அதனால்தான் முன்பல் எடுத்தவர்களுக்குச் சில மாதங்களில் அந்த இடத்தில் ஈறு பள்ளமாக உள்ளே வாங்கியதுபோல் தெரிகிறது.

எவ்வளவு கரையும் என்பதற்கு ஆய்வுக் கணக்குகள் உள்ளன. கடைவாய்ப் பற்களையும் முன்கடைவாய்ப் பற்களையும் எடுத்த இடங்களை ஓராண்டு தொடர்ந்து அளந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்திருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான மதிப்பாய்வு, ஆறு மாதங்களில் அகலத்தில் 29 முதல் 63 விழுக்காடும், உயரத்தில் 11 முதல் 22 விழுக்காடும் குறைவதாகக் காட்டுகிறது. இழப்பின் பெரும்பகுதி தொடக்க மாதங்களிலேயே நடந்துவிடுவதால், காப்பதற்கு உரிய நேரம் பல் எடுக்கும் நாள்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அப்போது காப்பதற்கு எஞ்சுவது குறைவு.

இனி, தூள் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். அது கரைவதை முற்றிலும் நிறுத்திவிடும் என்று யாராவது கூறினால் நம்ப வேண்டாம். தூள் வைக்காத குழியோடு ஒப்பிடும்போது, வைத்த குழியில் சராசரியாக ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இழப்பு குறைகிறது, அவ்வளவுதான். இம்ப்ளான்ட் நீண்ட நாள் நிலைத்திருப்பதில் இதனால் தெளிவான வேறுபாடு உண்டு என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் இம்ப்ளான்ட் திருகின் குறுக்களவே சுமார் மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர். அதைச் சுற்றிலும் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது எலும்பு இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கில், முன்பல் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்பது எளிதாகப் பொருத்துவதற்கும், பின்னால் தனியாக எலும்பு ஒட்டும் அறுவைக்குப் போவதற்கும் இடையே உள்ள தூரம். சிரிக்கும்போது ஈறு தெரிபவர்களுக்கு அது தோற்றத்தையும் தீர்மானிக்கிறது. ஆகவே, இம்ப்ளான்ட் வைப்பதென்று முடிவு செய்துவிட்ட உங்கள் நிலையில், தூள் வைக்கச் சொன்னது வீண் செலவு என்று நான் கருதவில்லை.

ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். நெடுக விரிசல் விட்ட பல்லில், விரிசல் வழியாகக் கிருமி இறங்கி உதட்டுப் பக்கச் சுவரை ஏற்கெனவே அரித்திருப்பது வழக்கம். ஸ்கேனில் அந்தச் சுவர் முழுதாக இருக்கிறதா, எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சீழ் இருந்தால் குழியை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே எதையும் வைக்க வேண்டும். சிலருக்கு ஈறு மூடும் வரை ஆறு, எட்டு வாரங்கள் பொறுத்துச் செய்வதே நல்லது. எல்லாவற்றையும்விட, பல்லை எப்படி எடுப்பார் என்று கேளுங்கள். ஈற்றைக் கிழித்துத் திறக்காமல், மெல்லிய கருவியால் நார்களை வெட்டி, தேவைப்பட்டால் வேரைத் துண்டாக்கி, உதட்டுப் பக்கமாக அழுத்தாமல் எடுப்பதே எலும்பைக் காக்கும் முதல் சிகிச்சை. அதற்குத் தனிப் பொருட்செலவு இல்லை. பொறுமையும் கூடுதல் நேரமுமே தேவை. குறடால் அசைத்துச் சுவரை உடைத்துவிட்டு, பிறகு விலை உயர்ந்த தூளை அதில் கொட்டுவதால் பெரும் பயன் எதுவும் இல்லை.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்கள், பல் எடுக்கும்போதெல்லாம் தூள் வைக்க வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஞானப்பல்லை எடுக்கும்போது, அந்த இடத்தில் வேறு பல் வைக்கப்போவதில்லை என்பதால், பொதுவாக அது தேவையில்லை. கம்பி கட்டுவதற்காகப் பிள்ளைகளுக்கு முன்கடைவாய்ப் பல்லை எடுக்கும்போதும் தேவையில்லை. பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும்போது தன் எலும்பையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

கேள்வி: எனக்கு 61 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்ததால் எட்டு வருடங்களுக்கு முன் எடுத்துவிட்டார்கள். இப்போது இம்ப்ளான்ட் வைக்கப் போனால் எலும்பே இல்லை என்கிறார்கள். எடுத்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை. இனி என்ன வழி?
– வாசகர், வில்லியனூர்

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. பல் எடுப்பவர் அந்த இடத்தின் எதிர்காலத்தைப் பற்றி இரண்டு நிமிடமாவது பேச வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இருந்தாலும் உங்கள் இழப்பு முழுவதும் பல்லை எடுத்த பின் நேர்ந்ததன்று. பல் ஆடியது என்றாலே, ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே பெருமளவு அழிந்திருந்தது என்று பொருள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை அந்த அழிவை விரைவுபடுத்தும். மீதி இருந்தது, பல் போன பிறகு வேலையின்றிக் கரைந்தது. புதுச்சேரியில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் புரியும்: துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட்ட பின் மணல் வரத்து தடைபட்டு, வடக்கே நகரக் கடற்கரை ஆண்டுக்காண்டு அரிபட்டுப் போனதைப் போல, மெல்லும் விசை வந்து சேராத தாடையும் ஓசையின்றிக் குறைந்துகொண்டே போகிறது.

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. அதற்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டே திருகை இறக்க வேண்டும். எனவே எலும்பே இல்லை என்று உங்களிடம் சொன்னதன் பொருள், நரம்புக்கு மேலே போதிய உயரம் இல்லை என்பதாக இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயை வைத்து இந்த முடிவுக்கு வந்திருந்தால், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து அகலம், உயரம் இரண்டையும் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துகொள்ளுங்கள். அகலம் இருந்து உயரம் மட்டும் குறைவென்றால், குட்டையான இம்ப்ளான்ட் பொருந்தக்கூடும். இரண்டும் குறைவென்றால் எலும்பு ஒட்டும் அறுவை உண்டு; ஆனால் அது பல் குழியில் தூள் வைப்பதைவிடப் பெரிய சிகிச்சை, ஆறுவதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். உங்கள் வயதையும் சர்க்கரையையும் வைத்துப் பார்க்கும்போது, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி அளவை முதலில் கட்டுக்குள் கொண்டுவராமல் அந்த அறுவைக்கு அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். எதிரும் புதிருமாகக் கடிக்கும் பற்கள் முன்கடைவாய் வரை நன்றாக இருந்தால், கடைசியில் உள்ள கடைவாய்ப் பற்கள் இல்லாமலும் பலர் குறையின்றிச் சாப்பிடுகிறார்கள். மென்று விழுங்குவதில் உங்களுக்குத் தொல்லை இல்லையென்றால், இருக்கும் பற்களின் ஈறு நோயைக் கட்டுப்படுத்துவதற்கே உங்கள் பணத்தையும் நேரத்தையும் செலவிடுங்கள். அங்கேதான் காப்பாற்ற இன்னும் எலும்பு மிச்சம் இருக்கிறது.

கேள்வி: எலும்புத் தூள் எதிலிருந்து செய்யப்படுகிறது? மாட்டு எலும்பு, பன்றியின் தோல் என்றெல்லாம் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டில் மத வழக்கப்படி சிலவற்றை ஏற்க முடியாது. மருத்துவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: தயங்கவே வேண்டாம் சகோதரி. உங்கள் உடலுக்குள் வைக்கப்படும் பொருள் எது என்று அறிவது உங்கள் உரிமை. இதே கேள்வியைச் சைவ உணவுக்காரர்களும் கேட்கிறார்கள். கேட்காமலே சொல்வதுதான் மருத்துவரின் கடமை.

மிகுதியாகப் பயன்படுவது மாட்டு எலும்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலுள்ள உயிர்ப்பொருளை நீக்கி, தாதுப் பகுதியை மட்டும் மணிகளாக்கி வைத்திருப்பார்கள். பன்றியிலிருந்து செய்ததும் உண்டு. உடல் தானம் செய்தவர்களின் எலும்பைத் திசு வங்கிகளில் பதப்படுத்தியும் தருகிறார்கள். இவை எதையும் ஏற்க இயலாதவர்களுக்கு, கால்சியம் பாஸ்பேட் வகைகளிலிருந்தும் ஒரு வகைக் கண்ணாடியிலிருந்தும் முற்றிலும் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட தூள்கள் உள்ளன. இவற்றாலும் இழப்பு குறைகிறது. நோயாளியின் தாடையிலிருந்தே சிறிது எலும்பைச் சுரண்டி எடுத்து வைப்பதும் உண்டு. அண்மைக் காலமாக, பிடுங்கிய பல்லையே சுத்தப்படுத்தி அரைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

தூளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். அதன்மேல் போர்த்தும் சவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. குழியை அடைக்கும் பஞ்சு போன்ற கொலாஜனும் அப்படியே. தானாகக் கரையும் தையல் நூல்களிலும் சில, விலங்குக் குடலிலிருந்து வருபவை. இவை ஒவ்வொன்றுக்கும் செயற்கை மாற்று உண்டு. பெட்டியின்மேல் மூலப்பொருள் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டச் சொல்லி, தொகுதி எண் கொண்ட ஒட்டுத்தாளை உங்கள் சிகிச்சைக் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் வேறு மருத்துவரிடம் போனாலும் அது பயன்படும்.

உங்கள் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, அதிலிருந்து கிடைக்கும் கெட்டியான மஞ்சள் நிறக் கட்டியைக் குழியில் வைக்கும் பிஆர்எஃப் என்ற முறையும் இருக்கிறது. பிரான்சில் 2001-இல் அறிமுகமானது. வேறு எந்த உயிரின் பொருளும் இதில் சேர்வதில்லை, செலவும் குறைவு. ஈறு விரைவில் ஆறுவதிலும் வலி குறைவதிலும் இது உதவுகிறது. எலும்பின் அகலத்தைக் காப்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. எனவே சுவர் முழுதாக உள்ள குழிக்கு இது மட்டும் போதும் என்று கொள்ளலாம். சுவர் உடைந்த குழிக்கு இதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் நான்கு பற்கள்தான் மிச்சம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுப் பல்செட் கட்டிவிடலாம் என்கிறார்கள். அதுதானே சுலபம்?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: சுலபம்தான். ஆனால் கீழ்ப் பல்செட் எங்கும் பற்றிக்கொள்ளாமல் ஆடிக்கொண்டே இருப்பதாகக் குறைப்பட்டுக்கொள்ளும் முதியவர்களை நினைத்துப் பாருங்கள். மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழே அப்படி ஒட்ட இடமில்லை, எலும்பின் மேடு ஒன்றுதான் அதற்குப் பிடிமானம். முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்து 1972-இல் வெளியான ஆய்வில், கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைந்திருந்தது.

அந்த நான்கில் இரண்டு பற்களின், குறிப்பாகக் கோரைப்பற்களின், வேர் உறுதியாக இருந்தால், அவற்றை எடுக்காமல் ரூட் கெனால் செய்து, ஈறு மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, அவற்றின்மேல் பல்செட்டை உட்கார வைக்கலாம். 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி இரண்டு கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் கீழ்த்தாடை முன்பகுதியின் உயரம் சராசரியாக 0.6 மில்லிமீட்டர் மட்டுமே குறைந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர் குறைந்தது. எலும்பைக் காக்க வேரைவிடச் சிறந்த பொருளை யாரும் இன்னும் தயாரிக்கவில்லை. அம்மா அந்த வேர்களைத் தினமும் மென்மையான பிரஷால் தேய்த்துச் சொத்தை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கை நடுக்கம் உள்ளவர் என்றால் வீட்டில் ஒருவர் உதவியாக இருங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செலவு தாங்கவில்லை. நம் பகுதியில் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை கிடைக்குமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று அறியப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் மகாத்மா காந்தி பட்ட மேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனமும், ஜிப்மரின் பல் மருத்துவத் துறையும் உள்ளன. கல்லூரி மருத்துவமனையில் ஈறு நோய்ப் பிரிவிலோ வாய் அறுவைப் பிரிவிலோ கேளுங்கள். தூளையும் சவ்வையும் நோயாளியே வாங்கித் தர வேண்டுமா என்பதை முதல் நாளிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடுமையான வலி, வீக்கம் இருந்தால் இதற்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு எலும்புத் தேய்மானத்துக்காக வருடத்துக்கு ஒரு ஊசி போடுகிறோம். அவருக்குப் பல் எடுக்க வேண்டியிருக்கிறது. ஊசி போட்டவர்களுக்குப் பல் எடுத்தால் தாடை அழுகிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு, ஆனால் அளவு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் தாடையில் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தி, சிலருக்கு எலும்பு வெளியே தெரிந்து அழுகும் நிலையை உண்டாக்குவது 2003 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக அதிக அளவில் இம்மருந்துகளைப் பெறுபவர்களுக்கே ஆபத்து அதிகம். எலும்புத் தேய்மானத்துக்காக வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியிலோ, வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையிலோ ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது.

ஆகவே பல் எடுக்கலாம். ஆனால் எடுப்பவருக்கு மருந்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரூட் கெனால் செய்து பல்லை நிறுத்திவைக்க முடியுமானால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசியைக் காலம் கடத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்தே உண்டு. ஊசி போட்ட மருத்துவரும் பல் மருத்துவரும் பேசித் தேதியை முடிவு செய்யட்டும்.

வாய்ப் பகுதியில் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு பெற்றவர்களின் நிலை இதைவிடக் கவனத்துக்குரியது. கதிர்வீச்சுக்கு முன்பே, முடிந்தால் இரண்டு வாரம் முன்னதாக, காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பகுதியில் பல் எடுப்பது சாதாரண கிளினிக்கில் செய்யக்கூடிய காரியமன்று.

கேள்வி: பல் எடுத்த பின் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்? எங்கள் பாட்டி மஞ்சளும் கிராம்பும் வைக்கச் சொல்கிறார்.
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: குழிக்குள் எதையும் வைக்காதீர்கள். அங்கே உறைந்திருக்கும் இரத்தம்தான் புது எலும்பின் தொடக்கம். முதல் நாள் முழுவதும் கொப்பளிக்கவோ, எச்சிலைக் காறித் துப்பவோ, இளநீரைக் குழாய் வைத்து உறிஞ்சவோ வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு சேர்த்த புகையிலை ஆகியவற்றைக் குறைந்தது ஒரு வாரமாவது தொடக் கூடாது. தூள் வைத்திருந்தால் பல வாரங்களுக்கு. புகைப்பவர்களுக்கு எலும்பு இழப்பும் அதிகம், இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பும் அதிகம்.

தூள் வைத்த இடத்திலிருந்து முதல் சில நாட்களில் மணல் போன்ற ஓரிரு மணிகள் வாயில் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம், நான்காம் நாளில் திடீரென்று காது வரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் வந்தால், இரத்தக் கட்டி கரைந்து எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். அப்போது வலி மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு வீட்டில் இருக்காமல், பல்லை எடுத்தவரிடமே அன்றே காட்டுங்கள்.